இரண்டு மாதச் சிப்பாய்

அப்பாவின் டிரங்குப் பெட்டி பச்சை நிறம். மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண், அதன் கீழே லான்ஸ் நாயக் என்பதன் ஆங்கிலச் சுருக்கம், பிறகு அவர் பெயர். பின்னால் நாயக் ஆனபோது மூடியைப் புதிதாக எழுதவில்லை. லான்ஸ் என்பதற்கான எழுத்தை மட்டும் பச்சைப் பெயின்ட் வைத்து மூடினார். அப்பா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெட்டி என்னிடம் இருக்கிறது. வெயிலில் சாய்த்து வைத்தால் மூடிய எழுத்து இன்னும் தெரியும்.

மைசூரில் லஷ்கர் மொஹல்லாவில், செயின்ட் பிலோமினா தேவாலயத்தின் மணி கேட்கிற தூரத்தில், ஒரு சந்தில் எங்கள் வீடு. தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து கண்ணம்பாடி அணை கட்டும் வேலைக்கு வந்தவர். அணை முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். வருஷத்தில் பத்து மாதம் ஆணி, நட்டு, போல்ட்டு, எண்ணெய் டின் கணக்கு. மீதி இரண்டு மாதம் அவர் சிப்பாய். 1962 சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம் டெரிடோரியல் ஆர்மியில் சேர்ந்தார். வீட்டில் நாங்கள் சொன்னது 'டி.ஏ.'

கேம்ப்புக்குப் போகும் நாள் வந்தால் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். அம்மா பாச்சை உருண்டைகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடுவாள். பெல்ட்டின் பித்தளையை பிராசோ போட்டுத் தேய்ப்பது என் வேலை. பூட்ஸை அவரே பார்த்துக்கொள்வார், யாரையும் தொட விடமாட்டார். டாங்கா வந்து சந்து முனையில் நிற்கும்போது எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா திண்ணையிலிருந்து கேட்பார்: "எஷ்டு தின ரீ?" எத்தனை நாளைக்கு என்று. அப்பா, "எரடு திங்களு" என்பார். இரண்டு மாதம். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில்.

அலுவலகம் போகிற வீடுகளில் டி.ஏ. என்றால் பஞ்சப்படி, அல்லது பயணப்படி. அப்பா டி.ஏ.க்குப் போயிருக்கிறார் என்று நாங்கள் சொன்னால், வந்தவர்கள் ஏதோ பணம் வாங்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். விளக்கிச் சொல்லத் தமிழில் சொல் இல்லை. இருந்ததெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மொழிபெயர்ப்புகள்: பிரதேச ராணுவம், பிராந்திய ராணுவம், பிரதேச சேனை. இன்றைக்கும் பத்திரிகைகளில் இந்த மூன்றும் மாறி மாறித்தான் வருகின்றன. சொல் இல்லாத இடத்தில் சந்துப் பையன்கள் தாங்களே ஒன்று வைத்தார்கள். 'அரை மிலிட்டரி.'

முழு மிலிட்டரி ஒருவர் எங்கள் சந்திலேயே இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பர்மாச் சண்டையில் இருந்துவிட்டு சுபேதாராக ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் அவருக்குப் பென்ஷன் வரும். எல்லாரும் அவரைப் பட்டாளத்துத் தாத்தா என்றோம். அவர் அப்பாவிடம் அன்பாகத்தான் இருப்பார். ஆனால் ஒருநாள் பேச்சுவாக்கில், "நீ வந்து போற சிப்பாய்ப்பா" என்றார். அப்பா சிரித்தபடி தலையாட்டினார். அன்று ராத்திரி சாப்பிடும்போது யாரோடும் பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று டீச்சர் கேட்டபோது நான் எழுந்து "மிலிட்டரி" என்றேன். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இல்லை டீச்சர், இவங்க அப்பா ஃபேக்டரியில கிளார்க்" என்றாள். இரண்டுமே உண்மை. ஆனாலும் பொய் சொல்லிப் பிடிபட்டவள்போல நான்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து அவரிடமே கேட்டேன்: "நீங்க யாருப்பா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "குண்டு வந்தா, இவன் ரெண்டு மாசக்காரன்னு பாத்து விலகிப் போகாதும்மா" என்றார்.

அதிலிருந்துதான் எனக்குப் படைச்சொற்கள்மேல் ஒரு பிடிப்பு வந்தது. எங்கே ஒரு சொல் கண்ணில் பட்டாலும், அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று பார்ப்பேன்.

முதலில் எங்கள் பேட்டையின் பெயர். லஷ்கர் என்றால் பாரசீகத்தில் படை, படை தங்கும் இடம். அரசர் காலத்தில் அப்படிப் பெயர் வந்த இடத்தில், நான் வளர்ந்தபோது கடைகளும் கோவிலும் மசூதியும் தேவாலயமும் இருந்தன. அம்மாவின் தம்பிக்கு மேட்டூர்ப் பக்கம் பொதுப்பணித் துறையில் வேலை. வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற வேலை. அவருடைய பதவியின் பெயரும் லஸ்கர்தான்! படை என்று பொருள்பட்ட சொல், பீரங்கிக்கும் கூடாரத்துக்கும் எடுபிடியாக இருந்தவனைக் குறித்து, கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமியைக் குறித்து, கடைசியில் காவிரித் தண்ணீருக்குக் காவல் நிற்பவனிடம் வந்து சேர்ந்தது. மைசூருக்கு வரும்போதெல்லாம் மாமா கண்ணம்பாடி அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் பையை இறக்கி வைப்பார். ஒரு லஸ்கருக்குத் தெரிய வேண்டிய செய்தி அது.

பதவிப் பெயர்கள் பல இப்படி மேலிருந்து கீழே இறங்கி வந்தவை. முகலாயர் காலத்தில் சுபேதார் ஒரு மாகாணத்தையே ஆண்டவர். ராணுவத்தில் அவர் அதிகாரிகளுக்குக் கீழே நிற்கிறார். ஜமேதார் என்ற பதவியை 1965இல் நாயப் சுபேதார் என்று மாற்றினார்கள். அதற்குள் அந்தச் சொல் அலுவலகச் சேவகனுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் உரியதாகப் பரவியிருந்தது. நாயக்கர்கள் மதுரையை ஆண்டார்கள். அப்பா ஆன நாயக் ஒரு சிறு செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறவன். ஆனால் மைசூரில் அந்தச் சொல்லுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஹைதர் அலியையே முதலில் ஹைதர் நாயக் என்றுதான் அழைத்தார்கள். அப்பா நாயக் ஆன அன்று இதை அவரிடம் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

குதிரைப்படையில் இரண்டு சொற்கள். சில்லதார் என்பவன் சொந்தக் குதிரையும் ஆயுதமும் கொண்டுவந்து சேருகிறவன். பர்கீர் என்பவன் அடுத்தவன் கொடுத்த குதிரையில் ஏறுகிறவன். 1803இல் மராத்தியருக்கு எதிராக பிரிட்டிஷ் தளபதி வெல்லஸ்லியோடு மைசூர் சில்லதார்கள் போனார்கள். குதிரை செத்தால் சில்லதாருக்கு அது சொந்த நஷ்டம், பிழைப்பே போய்விடும். சம்பளம் யார் தருவது, இழப்பு யாருடையது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அந்தப் பெயரிலேயே இருந்தது.

என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்த சொல் கந்தாசாரம். பழைய மைசூர் அரசில் அது ஒரு இலாகா. கந்தாசாரக்காரன் ஊரில் நிலம் உழுகிற குடியானவன். அரசு கூப்பிட்டால் ஈட்டியோ திரித்துப்பாக்கியோ எடுத்துக்கொண்டு வரவேண்டும். சண்டை இல்லாத காலத்தில் கோட்டைக்கும் தாலுகா கச்சேரிக்கும் காவல், தபால் கொண்டுபோவது, திருடனைப் பிடிப்பது. 1800இல் மதராஸிலிருந்து கிளம்பி மைசூர் நாட்டைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானனின் பயணக் குறிப்புகளில் இவர்கள் வருகிறார்கள். 1799இல் திப்பு விழுந்த பிறகு, படை கலைந்து வேலையில்லாமல் நின்றவர்களுக்குத் திவான் பூர்ணய்யா இந்த ஏற்பாட்டில் இடம் கொடுத்தார். நிலமும் கொஞ்சம் சம்பளமும் கையில் இருக்கிறவன் கொள்ளைக்குப் போகமாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவைப் போன்ற ஆட்கள் மைசூருக்குப் புதிதல்ல என்று எனக்கு விளங்கியது இந்தச் சொல்லால்தான். ஆனால் இன்றைய கன்னடப் பத்திரிகையில் கந்தாசாரம் என்று படித்தால் அதற்குப் பொருள் மூடப் பழக்கம், அர்த்தமில்லாத ஆசாரம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பழைய பொருளைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பக்கத்துக் குடகில் கதை வேறு. அங்கே அரசர்களுக்குப் படைச்சேவை செய்ததற்கு ஈடாகப் பரம்பரையாக வந்த ஜம்மா நிலம் இருக்கிறது. அரசர் ஆட்சி 1834இல் போய்விட்டது. ஆனால் ஜம்மா நிலக்காரர்களுக்கும் குடகர்களுக்கும் துப்பாக்கி உரிமத்தில் கொடுத்த விலக்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சேவை முடிந்தும் அதற்கான மரியாதை முடியாமல் இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தமிழிலும் நல்ல கணக்கு இருந்தது. திருக்குறள் படைமாட்சிக்கு உரை எழுதுகிற பரிமேலழகர் ஆறுவகைப் படை சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. பரம்பரையாக நிற்பவன், சம்பளத்துக்கு நிற்பவன், நாட்டு மக்களிலிருந்து வருபவன், காட்டிலிருந்து வருபவன், நட்பரசன் அனுப்பியவன், பகையை விட்டு வந்தவன். ஆறுக்கும் படை என்ற ஒரே சொல்தான் அடி. ஒருவனையும் அரைப்படை என்று சொல்லவில்லை. சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளப் படை வருகிறது. நெசவும் போரும் ஒரே சமூகத்தின் கையில் இருந்திருக்கின்றன. இன்று செய்தித்தாளில் கூலிப்படை என்றால் பணம் வாங்கிக்கொண்டு ஆளை வெட்டுகிற கும்பல். நாட்டுப்படை என்ற சொல் அகராதியில் தூங்குகிறது. டெரிடோரியல் ஆர்மிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. கடிதங்களில் நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

கடலுக்கு அப்பால் போன தமிழ் வேறு வழி கண்டது. இலங்கையில் பகுதிநேரப் படைக்குப் பெயர் தொண்டர் படை. தமிழ்நாட்டில் தொண்டர் என்றால் கட்சிக்காரர் அல்லது கோவில் அடியார், அங்கே துப்பாக்கி ஏந்தியவர். சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியப்பா வீட்டுப் பேரன் இரண்டு வருஷம் தேசிய சேவை முடித்து, இப்போது வங்கியில் இருக்கிறான். ஆனாலும் முகாம் கடிதம் வந்தால் போகிறான். அதை அவர்கள் 'ஐசிடி' என்கிறார்கள். 1967 முதல் அங்கே எல்லா வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் இது உண்டு. அதனால் அந்த ஊரில் யாரும் அவனை அரை என்று சொல்வதில்லை. அப்பா இருந்திருந்தால் அவனோடு மணிக்கணக்கில் பேசியிருப்பார்.

இந்தியாவில் பகுதிநேரப் படை முளைத்த விதமே வேறுபாட்டில்தான். முதல் உலகப்போரின்போது 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படை. 1920இல் அதை இரண்டாகப் பிரித்து ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் ஆக்சிலரி ஃபோர்ஸ், இந்தியருக்கு டெரிடோரியல் ஃபோர்ஸ். தோலைப் பார்த்து வைத்த பெயர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் புதுச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று டெரிடோரியல் ஆர்மியைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர் என்பதால் அப்பாவுக்கு அவர் 'நம்ம ஊர்க்காரர்.' ஒவ்வொரு அக்டோபர் 9க்கும் பெட்டியைத் திறந்து உடுப்பை வெயிலில் காயவைப்பார். வேறு கொண்டாட்டம் கிடையாது.

அந்தச் சட்டத்தில் அப்பாவுக்கு மனப்பாடமான ஒரு விஷயம், கூப்பிட்டால் போய்விட்டு வருகிறவனுக்கு அவனுடைய பழைய வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது. இன்னொன்று ஒரு சொல். படைக்கு அழைத்துப் பணியில் வைத்தால் ஆள் 'எம்பாடி' ஆகிறான். விட்டுவிட்டால் 'டிஸ்எம்பாடி.' உடல் கொடுப்பது, உடலைத் திரும்ப எடுத்துக்கொள்வது! சட்டத்தில் அதற்குப் படையாகத் திரட்டுவது என்று பொருள். ஆனால் கேட்கிறவர்களுக்கு, இடைப்பட்ட பத்து மாதமும் அவருக்கு உடம்பே இல்லாததுபோல இருக்கும்.

1971 அக்டோபரில் கடிதம் வந்தது. கேம்ப் இல்லை, எம்பாடி. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "உங்களுக்கு எம்பாடி, எங்களுக்கு எம் பாடு" என்றாள். எனக்குப் பதிமூன்று வயது, தம்பிக்கு ஐந்து. டாங்கா வந்தது. எதிர்வீட்டு அம்மா கேட்டார், "எஷ்டு தின ரீ?" அப்பா முதல்முறையாக வேறு பதில் சொன்னார். "ஹேளோக்காகல்லம்மா." சொல்ல முடியாதம்மா.

அவருடைய படைப்பிரிவு ஒரு ரயில் பாலத்துக்குக் காவல் நின்றது. அது எங்கே என்று கடிதத்தில் எழுதக்கூடாது. முகவரி 56 ஏ.பி.ஓ. என்று மட்டும் இருக்கும். டிசம்பரில் சண்டை வந்தபோது சந்தில் ரேடியோ இருந்த மூன்று வீடுகளிலும் கூட்டம். நம் ஜவான்கள், நம் ஜவான்கள் என்று செய்தி வாசித்தார்கள். ஜவான் என்றால் இளைஞன். அப்பாவுக்கு முப்பத்தாறு வயது. "அப்பாவும் ஜவான்தானாம்மா?" என்று தம்பி கேட்டான். அம்மா அவனை மடியில் இழுத்துக்கொண்டு "ஆமா" என்றாள். பட்டாளத்துத் தாத்தா தினமும் சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் தபால்காரரிடம், "நாயக் சாப் வீட்டுக்குக் கடுதாசி இருக்கா?" என்று கேட்டார். நாயக் சாப்! அம்மா உள்ளே போய் அழுதாள்.

1972 மழைக்காலம் முடிந்து அப்பா வந்தார். மெலிந்திருந்தார். இடது காது கொஞ்சம் மந்தம். அடுத்த திங்கட்கிழமை ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டு எண்ணினார். பையன்கள் ஒரு வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பழைய பெயர் திரும்பி வந்தது.

நான் மகாராணி கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தேன். கொல்லைப்புறத்தில் அப்பாதான் எனக்குக் கவாத்து சொல்லிக்கொடுத்தார். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட். கவாத்து என்ற சொல் உருதுவிலிருந்து வந்தது. நீலகிரியில் தேயிலைச் செடியை வெட்டி ஒழுங்குபடுத்துவதையும் தமிழில் கவாத்து என்றே சொல்கிறோம். கன்னடத்தில் கவாயத்து. விஜயதசமி ராத்திரி பன்னிமண்டபத்தில் நடக்கும் தீவட்டி அணிவகுப்புக்கு இங்கே பஞ்சின கவாயத்து என்று பெயர். அப்பா பல்லாயிரம் பேர் நடுவே நின்று கொண்டு, வரிசையில் யார் காலை மாற்றி வைக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பார். குதிரைப் போலீஸ் வரும்போது கொஞ்சம் நிமிர்வார். மைசூர் மகாராஜாவின் லான்சர் படையின் வழியில் வந்தவர்கள் அவர்கள். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரத்தைப் பிடித்த சண்டையில் ஜோத்பூர் குதிரைப்படையோடு மைசூர் லான்சர்களும் இருந்தார்கள். டில்லி தீன் மூர்த்தியில் நிற்கும் மூன்று சிலைகளில் ஒன்று மைசூருக்கு உரியது. அந்தப் படைக்கு அன்றைய பெயர் இம்பீரியல் சர்வீஸ் ட்ரூப்ஸ், பேரரசுக்குச் சேவை செய்யும் படை. சம்பளம் தந்தது மைசூர், உத்தரவு தந்தது லண்டன்.

அப்பா 1978இல் விடுபட்டார். பதினைந்து வருஷம். கையில் ஒரு விடுவிப்புப் புத்தகம், ஒரு பதக்கம், ஒரு டிரங்குப் பெட்டி. தம்பிக்குக் கல்லூரியில் இடம் கேட்டபோது, முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் பக்கங்களைப் புரட்டினார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க முன்னாள் படைவீரர் கணக்குல வரமாட்டீங்க சார்."

விதி அப்படித்தான். டெரிடோரியல் ஆர்மியில் இருந்தவர்களில், தொடர்ந்து எம்பாடி ஆகி ஓய்வூதியம் பெற்றவர்கள், பணியால் ஊனமுற்றவர்கள், வீரப் பதக்கம் வாங்கியவர்கள் ஆகியோருக்கே அந்தப் பெயர். அப்பாவின் எம்பாடிக் காலம் ஓய்வூதியத்துக்குப் போதாது. காது மந்தத்துக்கு அவர் சீட்டு எதுவும் வாங்கி வைக்கவில்லை. திரும்பி நடக்கும்போது டவுன் ஹால் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "படைவீரனா இருந்தேன்னு பதக்கம் குடுத்தாங்க. அப்புறம் நான் எப்படிம்மா முன்னாள் ஆகாம இருக்கேன்?" என்று கேட்டார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

சலுகைக்காக இதை எழுதவில்லை. தம்பி வேறு வழியில் படித்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் ஒரு மனிதனை ரயில் பாலத்தில் பத்து மாதம் நிறுத்திவைத்துவிட்டு, அவன் யார் என்று சொல்ல ஒரு சொல்லைக்கூடக் கொடுக்காமல் அனுப்பக்கூடாது. சொல் இல்லாவிட்டால் அவன் எதைக் கேட்பான், எப்படிக் கேட்பான்?

தம்பிக்குக் கல்யாணம் தாமதம். அவன் மகன் 2023இல் அக்னிவீரன் ஆனான். அந்தச் சொல் 2022 ஜூன் 14க்கு முன்னால் எந்தப் படைப்பட்டியலிலும் கிடையாது. அவன் சேர்ந்தபோது வயது வரம்பு பதினேழரையிலிருந்து இருபத்தொன்று வரை. நாலு வருஷம். மாதச் சம்பளம் முதல் வருஷம் 30,000 ரூபாய், நாலாம் வருஷம் 40,000. அதில் நூற்றுக்கு முப்பதைப் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கொடுப்பார்கள். அதற்கு சேவா நிதி என்று பெயர். நாலு வருஷம் கழித்து நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற பெயரும் இல்லை.

அறிவிப்பைப் படித்த அன்று அந்தக் கடைசி வரியில் நான் நின்றுவிட்டேன். தாத்தா பதினைந்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பேரன் நாலு வருஷம் முழுவதையும் கொடுக்கிறான், ஒரு மாதம்கூட ஸ்டோரில் உட்காரவில்லை, எல்லையில்தான் இருக்கிறான். தாத்தா பகுதிநேரம் என்பதால் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. பேரன் முழுநேரம் நின்றும், இருபத்தைந்தில் வராவிட்டால், அதே பெயர் அவனுக்கும் கிடைக்காது. துணைப்படைகளில் இவர்களுக்கு இட ஒதுக்கீடு வந்திருக்கிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் வேலை ஒன்று, பெயர் இன்னொன்று.

அவன் இதையெல்லாம் என்னிடம் பேசுவதில்லை. ஒருமுறை வீடியோவில் ஒரு உணவுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, "அத்தை, இந்த மாதிரி பாக்கெட் சாப்பாடெல்லாம் நம்ம மைசூர் ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபிடிச்சதாம்" என்றான். சித்தார்த்தநகரில் 1961இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடத்தைச் சொன்னான். பனிக்கு நடுவே அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

இந்தத் தசராவுக்கு லீவில் வந்தான். வருஷத்துக்கு முப்பது நாள் லீவு, அதில் பதினைந்தை இதற்கு வைத்திருந்தான். அவனோடு பன்னிமண்டபத்துக்குப் போனேன். ஊர்க்காவல் படைப் பெண் ஒருத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒதுக்கினாள். இங்கே கிருஹரக்ஷக தளம் என்பார்கள். பகலில் துணிக்கடையில் வேலை செய்கிறாளாம், பணிக்குக் கூப்பிடும் நாளுக்கு மட்டும் படி. அவளிடம் இவன், "எத்தனை மணியிலேர்ந்து நிக்கிறீங்க?" என்று கன்னடத்தில் கேட்டான். காலை ஆறிலிருந்து என்றாள். தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். பிறகு தீவட்டிகள் வந்தபோது அவனும் கால்களைத்தான் பார்த்தான்.

கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தாவின் பெல்ட்டை எடுத்துப் பார்த்தான். பித்தளை கறுத்திருந்தது. பிராசோ இப்போதும் கடையில் கிடைக்கிறது. இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம்.

காலையில் ஆட்டோ சந்து முனையில் நின்றது. எதிர்வீட்டு அம்மா போய் ரொம்ப நாளாயிற்று. அவர் மருமகள் திண்ணை இருந்த இடத்தில் கட்டிய படியில் நின்றுகொண்டிருந்தார். அவனைப் பார்த்து, "மத்தே யாவாக பர்த்தீயப்பா?" என்றார். மறுபடி எப்போது வருவாய் என்று.

"2027இல நாலு வருஷம் முடியுதுங்க" என்று அவருக்குக் கன்னடத்தில் சொன்னான். "அப்பத் தெரியும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான்.